கம்பத்து நிழலுக்கு அரை மதிப்பெண்

அரை மதிப்பெண் விஷயம்தான். அதை இத்தனை நாள் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அரை மதிப்பெண்ணின் எடை என்ன என்பது டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு நானே தயாரித்த வகுப்புத் தேர்வு அது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அரை. ஒரு கோடிட்ட இடம், பக்கத்தில் இரண்டு ஆங்கிலச் சொல். பொருந்துவதை எடுத்து எழுத வேண்டும். பாரோ–லெண்ட், லை–லே, ஹியர்–லிசன், ஹேண்ட்–ஆர்ம் என்று வருடாவருடம் பிள்ளைகள் இடறி விழும் பள்ளங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். 14ஆவது கேள்வி ஷேட்–ஷேடோ. எல்லாரும் கேட்பதுபோல மரத்தடியில் மாடு படுத்திருப்பதைக் கேட்டிருந்தால் வம்பே இல்லை. புதுசாக ஏதாவது செய்வோமே என்று, 'முதியவர் மின்கம்பத்தின் நிழலில் நின்றார்' என்கிற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, நிழல் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டேன். கம்பத்து நிழல் தரையில் கோடு கிழித்த மாதிரி விழும். உருவம் உண்டு, குளுமை எங்கே இருக்கிறது? ஆகவே ஷேடோ. விடைக்குறிப்பிலும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு பேர் ஷேட் என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். தாளைக் கொடுத்த அன்று மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. கூட்டலில் ஏதோ விட்டிருப்பேன், அதற்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், பதினாலு சரிதானே?"

"எப்படிம்மா சரி? கம்பத்துக்கு உருவம் தெரியுதுல்ல? உருவம் தெரிஞ்சா ஷேடோ."

"எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல நிழற்குடை கெடையாது டீச்சர். கம்பத்து நெழல்லதான் எல்லாரும் நிப்போம்."

"நிக்கலாம், வேணாங்கல. ஆனா இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு ஷேடோ."

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தத் தாத்தா எதுக்கு டீச்சர் அங்கன போயி நின்னாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "புக்குல இருக்கறத ஒழுங்காப் படி, போ" என்றேன். போய்விட்டாள். அவள் குரலில் எதிர்த்துப் பேசுகிற தொனி கொஞ்சமும் இல்லை. உண்மையிலேயே அந்தக் கிழவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த வாக்கியத்தை எழுதிய நான் ஒரு தடவைகூட அதை யோசித்திருக்கவில்லை.

நான் சொல்லிக்கொடுத்த விதியில் இரண்டு பாதி உண்டு. கரும்பலகையில் ஒரு மரம், ஒரு சூரியன், தரையில் மரத்தின் கரிய வடிவம். அந்த வடிவம் ஷேடோ. எண்ணலாம், ஒன்று இரண்டு என்று. வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஷேட். அதை எண்ண முடியாது, தண்ணீரைப் போல, காற்றைப் போல. எல்லா இலக்கணக் கையேட்டிலும் இதுதான் இருக்கும், தப்பும் இல்லை. ஆனால் அவளுடைய தாத்தாவை அங்கே கொண்டுபோய் நிறுத்திய உடனே விதியின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. உருவமும் தெரிகிறது, வெயிலுக்கும் ஒதுங்குகிறார்.

நமக்கு ஒன்றுதான்

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பதும் நிழல்தான், கரண்டு போன ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் விரலை மடக்கி மான் காட்டுவதும் நிழல்தான். வெயிலில் தெரியும் அருமையும் அதற்குத்தான், நிழற்படத்தில் இருப்பதும் அதுதான். இதை நான் வகுப்பில் சொல்லும் விதம் எப்படி இருக்கும் என்றால், "நம்மகிட்ட ஒரு சொல்தான் இருக்கு, அவங்ககிட்ட ரெண்டு இருக்கு" என்பேன். பக்கத்து வீட்டில் இரண்டு பிரிட்ஜ் இருப்பதைச் சொல்கிற மாதிரி. தமிழில் ஒரு சொல் குறைகிறது, அதனால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று உள்ளூர ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு எனக்கு எப்படி வந்தது என்றும் தெரியும். பல வருடம் முன்னால் ஒரு தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் வாழ்த்துரை வாசித்தான், அவனே எழுதியது. இத்தனை வருடம் உங்கள் நிழலில் வாழ்ந்தோம் ஐயா என்று சொல்ல நினைத்து ஷேடோ என்று போட்டுவிட்டான். ஆங்கிலத்தில் ஒருவருடைய ஷேடோவில் வாழ்வது என்றால் அவர் மறைத்துக்கொண்டு நிற்க, இவர் வெளியே தெரியாமலே போவது. அண்ணன் பேரெடுத்துத் தம்பி காணாமல்போகும் குடும்பக் கதைகளில் வரும் பிரயோகம். நாம் 'அண்ணன் நிழலில் வளர்ந்தவன்' என்று நன்றியோடு சொல்வதை அப்படியே ஷேடோ போட்டுத் திருப்பினால் புகார் மனு ஆகிவிடும். அன்றைக்கு மேடையில் தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூட்டம் கைதட்டியது, நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருடத்திலிருந்துதான் ஷேட்–ஷேடோவை இத்தனை அழுத்திச் சொல்லித்தர ஆரம்பித்தேன். அதற்கு ஷேட் போட்டிருந்தாலும் சரியாக வந்திருக்காது என்பது வேறு விஷயம். மனிதரின் நிழலில் ஒதுங்கி வாழ்கிற பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் இயல்பான ஒரு வாக்கியம் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போன பிறகு வீட்டில் திருக்குறளைப் புரட்டினேன். தமிழ் டீச்சர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. 208ஆம் குறள்: 'தீயவை செய்தார் கெடுதல் நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று.' காலடியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற நிழல். 881ஆம் குறள்: 'நிழல்நீரும் இன்னாத இன்னா.' நிழலும் நீரும் இனிமையானவைதான், ஆனாலும் நோய் கொண்டுவந்தால் தீயவையே என்று பரிமேலழகர் விரிக்கிறார். இது ஒதுங்குகிற நிழல். ஒரே புலவர், ஒரே சொல், இரண்டு வேறு நிழல். படிப்பவர் யாரும் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை. ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப்புக்குத்தான் வேலை, 208க்கு ஷேடோவையும் 881க்கு ஷேடையும் எடுத்துக்கொண்டார். அப்பர் பாடிய 'ஈசன் எந்தை இணையடி நீழலே'வுக்கு வந்தால்? மாசில் வீணை, மாலை மதியம், வீசு தென்றல், வீங்கிளவேனில், மூசுவண்டறை பொய்கை என்று குளிர்ச்சியாக அடுக்கிக்கொண்டே வந்து முடிகிற நிழல் அது. சுண்ணாம்புக் காளவாசலுக்குள் அடைத்துவைத்தபோது பாடியது என்பது புராணம். அந்த இடத்தில் ஷேடோ போடுகிறவருக்கு வெக்கை என்றால் என்னவென்று தெரியாது.

இன்னும் கொஞ்சம் தேடியபோது பக்கத்து வீட்டு பிரிட்ஜ் கணக்கும் உடைந்தது. லத்தீனில் உம்ப்ரா என்கிற ஒரே சொல்தான் இரண்டுக்கும். பிரெஞ்சில் ஓம்ப்ர், ஜெர்மனில் ஷாட்டன், ஸ்பானியத்தில் சோம்ப்ரா, எல்லாம் நம் நிழலைப் போலவே ஒற்றைச் சொற்கள். கிரகணத்தின் கருநிழலுக்கு வானியலாளர்கள் வைத்துக்கொண்டதும் அதே உம்ப்ராதான், வெயிலுக்குப் பிடிக்கிற அம்பர்லா பிறந்ததும் அதே உம்ப்ராவிலிருந்துதான். ஐரோப்பாவில் இத்தனை பேர் ஒரு நிழலை வைத்துக்கொண்டு சமாளிக்கும்போது ஆங்கிலேயனுக்கு மட்டும் எப்படி இரண்டு வந்தது?

வேற்றுமை

விடை கிடைத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. மிகைப்படுத்தவில்லை, இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் தூக்கம் கெடுகிற ஜாதி நான்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், நம்முடைய பெயர்ச்சொற்களைப் போலவே, பெயர்கள் வேற்றுமை ஏற்று வடிவம் மாறும். நாம் 'மரம்' என்கிறோம். அதுவே ஐ, இல், கு சேரும்போது 'மரத்து' என்று ஆகி மரத்தை, மரத்தில், மரத்துக்கு என்று வருகிறது இல்லையா, அது மாதிரி. நிழலுக்கான பழைய ஆங்கிலச் சொல் எழுவாயாக நின்றால் 'ஷெயடு'. வேற்றுமை ஏற்றால் 'ஷெயட்வே'. நிழல் விழுந்தது என்றால் முதலாவது. நிழலில் நின்றான், நிழலை மிதித்தான் என்றால் இரண்டாவது. காலப்போக்கில் ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன. உருபு போனாலும் அந்த இரண்டு உடம்பும் கிடந்தன. முதல் உடம்பு ஷேட் ஆயிற்று, இரண்டாவது ஷேடோ. புல்வெளியைக் குறிக்கும் மீட்–மெடோவுக்கும் இதே வரலாறுதான். அதில் மெடோ மட்டும் நின்றது, மீட் கவிதையில் ஒதுங்கிவிட்டது.

அதாவது இரண்டு சொல்லே கிடையாது. மரம், மரத்து என்கிற இரண்டு வடிவம். நாளைக்கே தமிழில் உருபெல்லாம் உதிர்ந்துபோய், 'மரம்' என்றால் நிற்கிற மரம், 'மரத்து' என்றால் வெட்டி அறுத்த மரம் என்று யாரோ வழக்கப்படுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் கழித்து ஒரு டீச்சர் அதைக் கோடிட்ட இடத்தில் கேட்பார், தப்பாக எழுதிய பிள்ளைக்கு அரை மதிப்பெண் போகும்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றை நினைத்து. இலக்கணத்தில் இந்த உருபு மாற்றத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே வேற்றுமைதான். தொல்காப்பியம் தொட்டு அதுதான் பெயர். வித்தியாசம் என்பதற்கும் நமக்கு அதே சொல். ஷேடுக்கும் ஷேடோவுக்கும் என்ன வேற்றுமை என்று நான் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில், வேற்றுமைதான் வேற்றுமை. இதை ஆங்கிலத்தில் சொல்லி எந்த ஆங்கிலேயனையும் சிரிக்கவைக்க முடியாது.

அப்புறம் வருகிறது இன்னும் சங்கடமான விஷயம். வடிவம் இரண்டான பிறகும் பொருள் உடனே பிரிந்துவிடவில்லை. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், இன்றைக்கு ஷேட் போடவேண்டிய இடங்களில் ஷேடோ நிற்கிறது. 'சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்' என்று நம் ஊர் தேவாலயங்களில் ஒப்பிக்கும் 91ஆம் சங்கீதத்தில் அங்கே ஷேடோ. விடாய்த்த பூமியில் பெருங்கன்மலையின் நிழல் என்று ஏசாயாவின் 32ஆம் அதிகாரத்தில் வருவதற்கும் ஷேடோ. பாலைவனத்து வெயிலுக்கு ஒதுங்குகிற நிழல் அது, நூற்றுக்கு நூறு குளுமைக்காக. நான் சிவப்பு மையில் சுழித்த எல்லைக்கோடு அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. அப்படிப் பார்த்தால் கம்பத்தடிக் கிழவருக்கு ஷேடும் சரி, ஷேடோவும் சரி. கேள்விதான் தப்பு.

இதன் பிறகு மற்ற ஜோடிகளையும் குடைந்து பார்க்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே துணி. முதலாவது இங்கிலாந்தின் சொந்தச் சொல், இரண்டாவது கப்பலேறி வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த அதே சொல். இடுப்புக்கு மேலே உள்ளதை ஒன்று எடுத்துக்கொண்டது, கீழே உள்ளதை மற்றது. ஃபிளவர் என்று ஒலிக்கும் இரண்டு சொல், பூவும் மாவும், ஒன்றேதான். தானியத்தை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் பூப்போன்ற நயமான பகுதி என்பதால் அந்தப் பெயர். 18ஆம் நூற்றாண்டு வரை எழுத்தில்கூட அவை சரியாகப் பிரியவில்லை. சொல் ஒன்று இரண்டாகிவிட்டால், வீட்டுக்குள் வந்த இரண்டு மருமகள்கள் மாதிரி ஆளுக்கொரு அடுப்பைப் பிடித்துக்கொள்கின்றன. சண்டை எல்லாம் அப்புறம் வருகிற டீச்சர்களுக்குத்தான்.

பாடம் நடத்துகிறவளாக எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது லை–லே. படுத்திருப்பது லை, படுக்கவைப்பது லே. லையின் இறந்தகாலம் லே என்பதால் வெள்ளைக்காரர்களே இதில் தினமும் சறுக்குகிறார்கள். எத்தனையோ வருடம் இந்த இரண்டையும் வாய்ப்பாடு மாதிரி கத்தவைத்திருக்கிறேன். பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள், தாளில் தப்பாக எழுதுவார்கள். இப்போது கத்தவைப்பதில்லை. கரும்பலகையில் 'கிட – கிடத்து' என்று மட்டும் எழுதுகிறேன். அதற்குக் கீழே 'விழு – வீழ்த்து', பக்கத்தில் ஃபால்–ஃபெல். 'எழு – எழுப்பு', பக்கத்தில் ரைஸ்–ரெய்ஸ். தானாக நடந்தால் தன்வினை, இன்னொருவர் நடத்திவைத்தால் பிறவினை. தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே படித்த பாடம். சிட்–செட், டிரிங்க்–டிரென்ச் எல்லாம் இதே அச்சு. குடிப்பதும் குடிக்கவைப்பதும், அதாவது நனைய நனைய ஊற்றுவதும். நம்மிடம் இந்த இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்டு, உருட்டு, திருத்து, அடக்கு என்று எத்தனை வேண்டுமானாலும். ஆங்கிலத்தில் அது நின்றுபோய் நாலைந்து உதிரிப்பாகம்தான் மிச்சம். நம் பிள்ளைகள் ஓடுகிற இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு உதிரிப்பாகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள், நான்தான் செய்யவைத்தேன்.

ஜோடி எல்லாம் இப்படி அழகாக விளங்கிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசிப் பக்கத்துப் பையன் ஒருவன், டேங்கர் லாரிக்குப் பின்னால் இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் தீப்பிடிக்காது என்றுதானே அர்த்தம் என்று கேட்டான். விசிபிள்–இன்விசிபிள் படித்த பிள்ளை அப்படித்தான் கேட்பான். ஃபிளேமபிளும் இன்ஃபிளேமபிளும் ஒன்றேதான், இரண்டுமே தீப்பிடிக்கும். அங்கே வருகிற 'இன்' எதிர்மறை கிடையாது, 'உள்ளே' என்கிற லத்தீன் முன்னொட்டு. இந்தக் குழப்பத்தில் யாராவது செத்துப்போவார்கள் என்று பயந்து, 1920களிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் ஃபிளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்த ஆரம்பித்தார்கள். நம் ஊர் லாரிகளில் பழையதே ஓடுகிறது. தீப்பெட்டி ஆபீசில் அம்மா வேலைபார்க்கும் பையனிடம் லத்தீன் முன்னொட்டை விளக்குவதைவிட, "பக்கத்துல போகாத, அம்புட்டுதான்" என்று சொல்வது சுலபமாக இருந்தது.

சித்திரை

ஏப்ரலில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போவோம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய், எங்கள் பள்ளியில் சேருங்கள் என்று கேட்கும் வேலை. அன்றைக்கு என் பங்குக்கு வந்தது அந்தப் பெண்ணின் ஊர். அது முன்கூட்டியே தெரிந்து போனதாகச் சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் வேலையை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு வந்து நின்ற பிறகுதான் எந்த ஊர் என்பதே எனக்கு உறைத்தது. மணி மூன்றரை. வடக்கு–தெற்காக ஓடும் தார்ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க் கரை, இந்தப் பக்கம், கிழக்கே, காடு. காடு என்றால் சீமைக்கருவேலம்தான். அதன் அடியில் போய் நிற்க முடியாது, நின்றவர் சேலையோடு வெளியே வர முடியாது. ரோட்டோரம் சிமெண்ட் மின்கம்பம் ஒன்று, ஒரு சாண் அகலம். அதன் பின்னால் கிழக்கே, ஒருவர் பின் ஒருவராக ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சட்டென்று பார்த்தால் ஏதோ உறுதிமொழி எடுக்கிற வரிசை மாதிரி இருந்தது. கம்பத்தை ஒட்டி ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் வயிற்றுப்பிள்ளைக்காரி. அப்புறம் ரேஷன் பையோடு ஒருவர், கல்லூரிப் பையன், இரண்டு பெண்கள், கடைசியாகக் கூடையோடு ஓர் ஆத்தா. எல்லாருடைய தலையும் ஒரே நேர்க்கோட்டில். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. இடுப்புக்குக் கீழே அகலமானவர்களுக்கு இரண்டு பக்கமும் வெயில் அடித்தது. நடுவில் ஒரு சாண் மட்டும் கறுப்பாக, தலை, கழுத்து, முதுகுத்தண்டு என்று எல்லாரையும் தைத்துக்கொண்டு போனது.

நான் குடையை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எங்கே நிற்பது என்று முழித்ததைப் பார்த்து ஆத்தாதான் கூப்பிட்டாள். "இங்கன வாங்க டீச்சர், ஒரு ஆளு நிக்கலாம்." போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். சரியாக நிற்கத் தெரியவில்லை. காதில் வெயில் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்து, "தலைய மட்டும் உள்ள வச்சுக்கங்க. ஒடம்பு பொறுத்துக்கிரும்" என்றாள். கொஞ்சம் நகர்ந்தேன். நெற்றிப்பொட்டில் அடித்துக்கொண்டிருந்த சூடு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

அங்கே நாற்பது நிமிடம் நின்றேன். அதில் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்திரை பிறந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் சூரியன் மத்தியானம் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று எங்கள் அறிவியல் டீச்சர் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். (அதற்கு ஆங்கிலத்தில் ஷேடோ போட்டுத்தான் பெயர். பன்னிரண்டு மணி மைதானத்தில் ஷேடும் இருக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.) உச்சியிலிருந்து இறங்கும்போதும் சூரியன் அங்கே இங்கே சாயாமல் கிட்டத்தட்ட நேர் மேற்கே இறங்கும். அதனால் சாயங்காலம் ஆக ஆகக் கம்பத்து நிழல் பக்கவாட்டில் நகரவில்லை. நீண்டுகொண்டே போனது. நான் வந்தபோது எனக்குப் பின்னால் ஓரடிதான் மிச்சம் இருந்தது. கால் மணி கழித்து, சைக்கிளில் வந்து இறங்கிய ஒரு பையனுக்கும் எனக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அப்புறம் இன்னொருவர். பஸ் தாமதமாகத் தாமதமாக இடம் கூடிக்கொண்டே வந்தது. யாரும் யாரையும் நகரச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

என் கால்மாட்டில் தரையைப் பார்த்தேன். கம்பத்தின் கோடு எங்கள் எல்லாருடைய நிழலோடும் கலந்து கிடந்தது. எது கம்பம், எது பெரியவரின் முண்டாசு, எது ஆத்தாவின் கூடை என்று பிரிக்க முடியாத நீளமான ஒற்றைக் கறுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்தால் அவருக்கு அது ஷேடோ. உருவத்தைப் பார்க்கிறார். உள்ளே தலையை வைத்துக்கொண்டு நிற்கிற எனக்கு அது எந்த உருவமும் கிடையாது, வெயில் இல்லாத ஓர் இடம், அவ்வளவுதான். பொருள் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு. நான் கேள்வித்தாள் தயாரித்தது ரோட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்து. அதிலும் ஃபேனுக்கு அடியில்.

பஸ் வந்ததும் வரிசை கலைந்து எல்லாரும் ஓடினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு ஓட்டம் அதிகம். பெரியவர் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளி திறந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள், வேறு டீச்சர். "அன்னைக்கு ஷேட் எழுதினியே, அதுவும் சரிதான்மா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். அவள் குழப்பமாகப் பார்த்தாள். "எந்தக் கேள்வி டீச்சர்?" என்றாள். விளக்கினேன். தலையாட்டினாள். நான் விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு; மைதானத்தில் கோகோ ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த வருடம் அந்த ஊருக்கு நிழற்குடை வந்துவிட்டது. நீலப் பெயிண்ட், சிமெண்ட் பெஞ்சு, நெற்றியில் தொகுதி நிதியும் உறுப்பினர் பெயரும் அவருடைய பெயரைவிடப் பெரிய படமும். உன் குடை வெயிலை மறைக்கவா பிடித்தது, வருந்திய குடிகளை மறைக்க அல்லவா என்று வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பார்த்துப் பாடியது (புறநானூறு 35) நினைவுக்கு வந்தது. நிழற்குடையை ரோட்டைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், வேறெப்படிக் கட்டுவார்கள். ரோடு மேற்கே இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு நாய்கூட இல்லை. ஊர்க்காரர்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம், கிழக்கே, அதன் நிழலில் வசதியாக நின்றுகொண்டிருந்தார்கள். கம்பத்தைப் போல இல்லை, பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், கூடையை இறக்கி வைத்துக்கொண்டு பேசலாம். டிரைவர் கண்ணுக்கு ஆட்கள் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். அதற்காக ஒரு சின்னப் பையனை மட்டும் ரோட்டோரம் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள், கையைக் காட்ட.